பயங்கரவாதத்துக்கு எதிரான போரில் ஜெயிக்க முடியுமா? கோவையும் திருப்பூரும் சொல்லும் பதில்

திருப்பூர் வீரபாண்டியில் காலை ஷிப்டுக்கு பனியன் கம்பெனிகளை நோக்கிப் போகும் கூட்டத்தில் தமிழோடு இந்தியும் ஒடியாவும் வங்க மொழியும் கேட்கும். நாட்டில் எங்கே குண்டு வெடித்தாலும் இந்த ஊர்க்காரர்களுக்கு இரண்டு கேள்விகள் வரும். 'இதை ஒரேயடியா ஒழிக்கவே முடியாதா?' என்பது ஒன்று. 'பக்கத்து ரூம்ல இருக்கறவன் யாரு?' என்பது இன்னொன்று.

இரண்டாவது கேள்விக்குக் காரணம் இருக்கிறது. 2016 ஜூலையில் ஐஎஸ் தொடர்பு சந்தேகத்தில் மேற்கு வங்கத்தின் பர்த்வான் ரயில் நிலையத்தில் கைதான ஒருவர், திருப்பூரில் மளிகைக் கடை நடத்தி வந்தவர். 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டு, மே 7-ல் 'ஆபரேஷன் சிந்தூர்' தொடங்கியபோது முதல் கேள்வி மறுபடியும் எழுந்தது.

சரி, இந்தப் போரில் ஜெயிக்க முடியுமா?

யாரோடு போர்?

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, 'பயங்கரவாதத்துக்கு எதிரான போர்' என்று அறிவித்தார் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ். சில மாதங்களிலேயே ஆப்கானிஸ்தானில் தாலிபான் ஆட்சி விழுந்தது. 2011-ல் பின்லேடன் கொல்லப்பட்டார். ஆனால், 2003-ல் அமெரிக்கா படையெடுத்த இராக்கின் குழப்பத்திலிருந்துதான் ஐஎஸ் வளர்ந்தது. 2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் மீண்டும் தாலிபான் கைக்குப் போனது.

சிக்கல் 'போர்' என்ற சொல்லிலேயே இருக்கிறது. ஒரு நாட்டோடு போரிட்டால் அதன் படை சரணடையும், போர் முடியும். பயங்கரவாதம் ஒரு நாடும் அல்ல, ஒரு படையும் அல்ல. அது ஒரு வழிமுறை. ஓர் அமைப்பு அழிந்தாலும் வேறொரு கும்பல் அதே வழியைக் கையில் எடுக்கலாம்.

இலங்கை ஜெயித்ததே?

2009 மே மாதம் விடுதலைப் புலிகளை இலங்கை ராணுவம் தோற்கடித்தது. அந்த இறுதிப் போரில் பல்லாயிரம் தமிழ் மக்கள் உயிரிழந்தனர். அதோடு பயங்கரவாதம் முடிந்தது என்றுதான் அரசு அறிவித்தது.

பத்து ஆண்டுகள் கழித்து, 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். செய்தது முற்றிலும் வேறு குழு. அதன் நோக்கமும் வேறு. இந்திய உளவுத்துறை முன்கூட்டியே எச்சரித்திருந்தது. அதிகாரிகள் அதன் மீது நடவடிக்கை எடுக்கவில்லை. இதற்காக முன்னாள் அதிபர் மைத்ரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அங்கே ராணுவத்துக்குப் பஞ்சமில்லை. வந்த தகவலை மதிக்காததுதான் குறை.

கோவையில் என்ன நடந்தது?

திருப்பூர் அப்போது கோவை மாவட்டத்தில்தான் இருந்தது. 1997 நவம்பர் 29-ல் ஒரு காவலர் கொல்லப்பட்டார். அடுத்து நடந்த கலவரத்திலும் துப்பாக்கிச்சூட்டிலும் 18 முஸ்லிம்கள் இறந்தனர். 1998 பிப்ரவரி 14 அன்று, எல்.கே.அத்வானி பேச வேண்டிய தேர்தல் கூட்டத்தை ஒட்டி நகரின் பல இடங்களில் தொடர் குண்டுகள் வெடித்தன. 58 பேர் பலியாகினர். 'அல் உம்மா' அமைப்பு தடை செய்யப்பட்டது.

2007-ல் தனி நீதிமன்றம் 158 பேரைக் குற்றவாளிகள் என அறிவித்தது. அமைப்பின் தலைவர் பாஷாவுக்கு ஆயுள் தண்டனை. அதே தீர்ப்பில் விடுவிக்கப்பட்ட கேரள அரசியல்வாதி அப்துல் நாசர் மதனி, அதற்குள் 9 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்திருந்தார். அமைப்பை முடக்கியது ராணுவம் அல்ல; போலீஸ் விசாரணையும் கோர்ட்டும்தான். அந்த விசாரணை தவறும்போது என்ன விலை என்பதையும் இதே வழக்கு காட்டியது.

அப்படின்னா எது பலன் தருது?

அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் 2008-ல் வெளியிட்ட ஆய்வு, 1968 முதல் 2006 வரை இயங்கிய 648 பயங்கரவாதக் குழுக்களை எடுத்துக்கொண்டது. அவற்றில் முடிவுக்கு வந்த குழுக்களில் 43 சதவீதம் அரசியல் பாதைக்குத் திரும்பின. 40 சதவீதம் போலீஸ், உளவு நடவடிக்கையால் ஒடுங்கின. ராணுவத்தால் முடிந்தவை வெறும் 7 சதவீதம். 10 சதவீதம் தங்கள் இலக்கை அடைந்து ஓய்ந்தன.

வீரபாண்டிக்கு இதில் என்ன வேலை?

போலீசும் உளவும் வேலை செய்யத் தகவல் வேண்டும். அதைத் தர அக்கம்பக்கத்துக்காரர்களுக்கு நம்பிக்கை வேண்டும்.

2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முந்தைய நாள் கோவை கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்பு கார் வெடித்து ஜமேஷா முபின் இறந்தார். ஈஸ்டர் தாக்குதலுக்குப் பின் 2019-ல் என்ஐஏ விசாரித்த நபர் அவர். அப்படி விசாரிக்கப்பட்டிருந்தும் இது நடந்தது. ஆனால், 1997 போல ஊர் பற்றி எரியவில்லை. கோட்டைமேடு ஜமாத்தினர் சில நாள்களில் அந்தக் கோயிலுக்கே போய் அர்ச்சகர்களைச் சந்தித்தனர்.

2023 மார்ச்சில் நடந்தது வேறு மாதிரி. பிகார் தொழிலாளர்கள் தமிழகத்தில் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவின. குண்டே வெடிக்காமல் திருப்பூரில் பீதி கிளம்பியது. பிகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்தது. போலீசார் இந்தியிலேயே பேசி தைரியம் சொல்ல வேண்டியிருந்தது.

லைன் வீட்டில் தங்கியிருக்கும் ஒடிசா இளைஞருக்கு, பக்கத்து ரூமில் ஏதோ சரியில்லை என்று தெரிந்தால் அவர் ஸ்டேஷனுக்குப் போவாரா? போனால் தன்னையே பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்று பயந்தால், போக மாட்டார். ஆவணம் சரிபார்ப்பது தேவைதான். ஆனால், மொழியையோ மதத்தையோ பார்த்து சந்தேகப்பட ஆரம்பித்தால், தகவல் தரக்கூடியவரே வாயை மூடிக்கொள்வார்.

ஆக, கடைசிக் குண்டு வெடித்து முடிந்தது என்று யாரும் எந்த நாளையும் குறித்துக் கொடுக்க முடியாது. ஒவ்வொரு கும்பலையும் மடக்கலாம். அடுத்த குண்டு வெடிக்கும் முன் பிடிக்கலாம். அப்படியும் ஒன்று வெடித்துவிட்டால், அதற்குப் பழி தீர்க்க அடுத்தது கிளம்பாமல் பார்த்துக்கொள்ளலாம். முதல் இரண்டும் போலீஸ், உளவுத்துறையின் வேலை. மூன்றாவதில் வீரபாண்டியின் கம்பெனி முதலாளிக்கும், வீட்டு ஓனருக்கும், வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே ஃபார்வர்டு செய்பவருக்கும் பங்கு உண்டு.