வரத்து குறைந்த விண்மீன் திரள்கள்

பிரபஞ்சம் விரிகிறது என்றால் விண்மீன் திரள்களும் கூடவே உப்பிப் பெருக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. நம் பால்வழியைப் போன்ற திரளில் விண்மீன்களை ஈர்ப்பு விசை கட்டிப் பிடித்திருக்கிறது; விரிவால் அந்தக் கட்டைத் தளர்த்த முடியாது. ஆனாலும் திரள்களின் இயல்பை வடிவமைப்பதில் விரிவுக்குப் பெரும் பங்கு உண்டு. வெளியிலிருந்து திரளுக்குள் வந்து விழும் ஹைட்ரஜன் வாயுவின் வரத்தை அது குறைத்துவிடுகிறது.

இதற்கான முக்கியச் சான்று இந்தியாவிலேயே கிடைத்தது. புனேவுக்கு வடக்கே, ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆண்டெனாக்களுடன் நிற்கிறது ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கி. ஹைட்ரஜன் அணு 1420 மெகாஹெர்ட்ஸில் வெளியிடும் அலை, சுமார் 800 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வருவதற்குள் விரிவால் ஏறத்தாழ இரு மடங்காக நீண்டு, 700 மெகாஹெர்ட்ஸ் அளவில் நம்மை எட்டுகிறது. தனித்தனியே பிடிக்க முடியாத அளவுக்கு அது மெலிந்திருக்கும். எனவே ஆதித்ய சௌத்ரி, நிஸ்ஸிம் கனேகர், ஜெயராம் செங்கலூர் உள்ளிட்ட குழு 7,653 திரள்களின் அலைகளைச் சேர்த்துச் சராசரி கண்டு, 2020-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டது. அன்றைய திரள்களில் வாயு ஏராளம்; ஆனால் விண்மீன்கள் பிறந்த வேகத்தில் அந்த இருப்பு 100 முதல் 200 கோடி ஆண்டுகளுக்கே போதும். புது வாயு ஈடுகொடுக்காவிட்டால் பிறப்பு தளர்ந்தே தீரும். தளர்ந்தும் விட்டது: 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன் உச்சத்திலிருந்த விண்மீன் பிறப்பு, இன்று பத்தில் ஒரு பங்களவே. பிரபஞ்சத்தின் நீள அளவு இரட்டித்தால் வாயுவின் சராசரி அடர்த்தி எட்டில் ஒன்றாகும். வரத்து குறைவதன் அடிப்படை இதுவே.

கருந்துளைகளும் வெடிக்கும் விண்மீன்களும் வாயுவை வெளியே தள்ளுவதுதானே காரணம் என்று கேட்கலாம். பெரிய திரள்களில் அதன் பங்கை மறுக்க முடியாது. ஆனால் தருமபுரி மாவட்டத்து ஏரி எதை எடுத்துக்கொண்டாலும், கலங்கு வழியே நீர் வெளியேறியது மட்டும் அது வற்றக் காரணமாகாது. வரத்து வாய்க்காலில் நீர் வந்திருந்தால் மறுபடி நிரம்பியிருக்கும். திரளுக்கும் இதுவே பொருந்தும். விரிவை வேகப்படுத்தும் இருண்ட ஆற்றல்தான் விண்மீன் பிறப்பை அடக்கியது என்பாரும் உண்டு. 2018-இல் வெளியான கணினிப் பாவனை ஆய்வில் அதை நீக்கிப் பார்த்தபோதும், இன்றுவரையிலான பிறப்பு பெரிதாக மாறவில்லை. விரிவு வேகமெடுத்தது பிற்காலக் கதை. வரத்தின் தளர்ச்சி அதற்கு வெகு முன்பே தொடங்கியது. ஆகவே ஒரு திரள் புது விண்மீன்களால் நீலமாக ஒளிர்கிறதா, பிறப்பு நின்று சிவந்து ஓய்ந்ததா என்பதற்கான விடையை அதற்குள் மட்டும் தேடினால் போதாது. அது எந்தக் காலத்துப் பிரபஞ்சத்தில் வாயு சேர்த்தது என்பதையும் கேட்டாக வேண்டும்.