செல்லாக் காசின் விலை

ஒருவரை இகழ வேண்டுமானால் 'செல்லாக் காசு' என்று சொல்வது நம் வழக்கம். ஆனால், செல்லாத காசுக்காகச் செல்லும் காசைக் கட்டுக்கட்டாய்க் கொடுக்கின்ற உலகம் ஒன்றும் உண்டு. பழங்காசு சேகரிப்போரின் உலகம் அது. வரலாற்று மாணவனாகிய நான் மூன்று ஆண்டுகளாக அவ்வுலகின் வாயிற்படியில் நிற்பவன். சென்ற கோடை விடுமுறையில் மதுரை நகரில் ஒரு வணிகர் சதுரச் செப்புக் காசு ஒன்றைக் காட்டி, "சங்க காலப் பாண்டியர் காசு, தம்பி! எழுத்துள்ளது, கிடைத்தற்கு அரியது" என்றார். விலை ஒன்பதாயிரம் ரூபாய். என்னிடம் இருந்ததோ, மேற்படிப்புச் சேர்க்கைக்காக மாலை நேர வேலையில் சேர்த்த பன்னிரண்டாயிரம். வாங்கலாமா, வேண்டாமா? இக்கேள்விக்கு விடை காண நான் படித்தவற்றையும் கேட்டவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

பழமை வேறு, அருமை வேறு

பழைய காசெல்லாம் விலையுயர்ந்தது என்று பலர் எண்ணுகின்றனர். இது சரியன்று. இராசராச சோழன் பெயர் நாகரி எழுத்தில் பொறித்த செப்புக் காசு ஆயிரம் ஆண்டுப் பழமையுடையது. ஆயினும் தமிழகத்திலும் ஈழத்திலும் அது ஏராளமாகக் கிடைப்பதால், சில நூறு ரூபாய்க்கே வாங்கிவிடலாம். மாறாக, ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த 1939ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய்க்கு இன்னும் நூறு வயதுகூட ஆகவில்லை; அதன் விலையோ பல்லாயிரம். அவ்வாண்டு ரூபாய்களில் மிகச் சிலவே வெளியே வந்தன. அடுத்த ஆண்டான 1940இல், நூற்றுக்கு 91.7 பங்காக இருந்த வெள்ளியை அரசு 50 பங்காகக் குறைத்துவிட்டது. ஆக, எத்தனை எஞ்சியுள்ளன, எத்தனை பேர் தேடுகின்றனர் என்னும் இரண்டுமே விலையை வகுக்கின்றன. வயது அதற்குப் பின்னரே வருகிறது.

காசு சொல்லும் சாட்சி

விலையை விட்டுவிட்டு மதிப்பைப் பார்ப்போம். மதுரையைப் பதினான்காம் நூற்றாண்டில் ஆண்ட சுல்தான்களின் வரிசையையும் ஆண்டுகளையும் அறிய நமக்குப் பெருந்துணை அவர்களுடைய காசுகளே. விசயநகரத்துக் குமார கம்பணர் மதுரையை வென்ற பின்னரும், அலாவுதீன் சிக்கந்தர் ஷாவின் காசுகள் ஹிஜிரி 779, அதாவது கி.பி. 1377-78 வரை கிடைக்கின்றன. ஓர் அரசு உடனே அழிந்துவிடவில்லை என்பதற்குச் சிறு உலோகத் துண்டுகளே சாட்சி!

இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு பெருவழுதிக் காசு. 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி, 1980களில் ஒரு சதுரச் செப்புக் காசில் குதிரை உருவத்தையும், அதன் மேல் தமிழ் பிராமி எழுத்தில் 'பெருவழுதி' என்ற பெயரையும் கண்டு வெளியிட்டார். பின்புறம் பாண்டியரின் மீன் சின்னம். முதுகுடுமிப் பெருவழுதி, உக்கிரப் பெருவழுதி என்று புலவர் பாட்டில் கேட்ட பெயர், ஓர் அரசனின் காசில் கண்கூடாகத் தெரிந்தது. சங்க காலக் காசுகள் பலவும் ஆற்றுப்படுகைகளில் அகப்பட்டு, வணிகர் கைமாறியே ஆய்வாளரிடம் வந்துள்ளன. வாங்குவோர் இல்லாதிருந்தால் அவற்றுள் எத்தனை உருக்குச் சட்டியில் போயிருக்கும்! ஆகவே காசு சேகரிப்பதை வீண் ஆசை என்று ஒதுக்கிவிட முடியாது.

மெய்யும் பொய்யும்

தேவை மிகுந்த இடத்தில் போலியும் மிகும். 1938ஆம் ஆண்டு ரூபாயில் கடைசி எட்டை ஒன்பதாகத் திருத்தி விற்பது ஒரு தந்திரம். அந்த ஓர் இலக்கத்தை மற்ற இலக்கங்களோடு உருப்பெருக்கியில் ஒப்பிட்டால் திருத்தம் தெரியும். எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா இருக்க வேண்டும். அச்சில் அடித்த காசைப் பார்த்து வார்ப்பில் எடுத்த போலியானால் விளிம்பில் ஒட்டுக்கோடும், மேற்பரப்பில் ஊசித்துளை போன்ற குழிகளும் காணலாம். கையால் அடித்த காசுகளில் இரண்டு முற்றிலும் ஒன்றுபோல் இரா. ஒரே நசுங்கலும் ஒரே வெடிப்பும் இரு காசுகளில் இருந்தால் இரண்டும் ஒரே வார்ப்பில் பிறந்தவை என்று ஐயுறலாம். நூற்றாண்டுகளாகப் படிந்த களிம்பு உலோகத்தோடு ஒன்றியிருக்கும். பூசிய பச்சை எளிதில் உதிரும். சங்க காலச் செப்புக் காசுகளின் எடை ஒரே சீராக இராததால், தராசு ஒன்றை மட்டும் நம்பித் தீர்ப்புக் கூற இயலாது.

எங்கே கிடைத்தது?

கீழடியில் 2021ஆம் ஆண்டு அகழாய்வில் வெள்ளி முத்திரைக் காசு ஒன்று கிடைத்தது. எந்தக் குழி, எந்த மண்ணடுக்கு, உடன் கிடைத்த பொருள்கள் எவை என்பவை எல்லாம் பதிவாகியுள்ளன. அதனால் அக்காசு முழுமையாகப் பேசுகிறது. தோண்டியவர் யார், தோண்டிய இடம் எது என்று தெரியாமல் கடைக்கு வரும் காசு பாதி ஊமை. நாம் கொடுக்கும் பணம் அடுத்த மேட்டைத் திருட்டுத்தனமாகத் தோண்டவும் தூண்டலாம்.

சட்டத்தையும் அறிதல் வேண்டும். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த காசும் தொல்பொருளே. உரிமம் இன்றி அதை வைத்து வணிகம் செய்யக் கூடாது. தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது.

நான் செய்த முடிவு

வணிகரிடம் மூன்று கேட்டேன். காசு எங்கே கிடைத்தது? எழுதிய ரசீது தருவீர்களா? இரண்டு நாள் அவகாசம் தந்தால், காந்தி நினைவு அருங்காட்சியக வளாகத்திலுள்ள அரசு அருங்காட்சியகத்திலோ, எங்கள் பேராசிரியரிடமோ காட்டி வரலாமா? மூன்றுக்கும் அவர் இசையவில்லை. "மாலைக்குள் வேறொருவர் வாங்கிவிடுவார்" என்றார். அக்காசு போலி என்று நான் கூறவில்லை. மெய் என்று சொல்லவும் எனக்கு வழியில்லை. ஒன்பதாயிரம் கொடுத்து ஓர் ஐயத்தையா வாங்குவது? வணக்கம் சொல்லி வந்துவிட்டேன். ஓர் உருப்பெருக்கியும் சிறு தராசும், வேறொரு கடையில் ரசீதோடு நாயக்கர் காலச் செப்புக் காசுகள் ஐந்தும் வாங்கினேன். எல்லாம் ஆயிரத்து அறுநூறு ரூபாய்க்குள் அடங்கின. மாணவர் கட்டணத்துக்கான பணத்தில் பெருவாரியும் பத்திரமாய் இருக்கிறது. அவ்வைந்து காசுகளின் எழுத்தைப் படிக்க முயன்றே ஒரு மாதம் போயிற்று.

நண்பர்களே! அரிய காசுக்குப் பெரும்பணம் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் அதன் மெய்ம்மையைச் சோதிக்க வேண்டும். வந்த வழி தெரிய வேண்டும். இழந்தால் குடும்பத்தின் அடுப்பு அணையாத பணமாகவும் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் பொறுத்திருப்பதே அறிவுடைமை. உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் செப்புக் காசு ஏதேனும் கிடந்தால், பளபளப்புக்காகப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். எழுத்தும் களிம்போடு போய்விடும். அப்படியே ஒரு தாளில் மடித்து, யாரிடமிருந்து எப்போது வந்தது என்று எழுதி வையுங்கள். அந்த ஒரு வரிக் குறிப்பு நாளை ஓர் ஆய்வாளருக்குக் காசைவிடப் பெரிய செல்வமாகலாம்.