எல்லை நகரங்களுக்குக் காவல் நின்ற பீரங்கி வீரர்கள்

புது தில்லி: மலிவான ஆளில்லா விமானங்கள் (ட்ரோன்) கூட்டமாக வரும்போது ஒவ்வொன்றுக்கும் விலை மிகுந்த ஏவுகணையைச் செலவிட முடியாது. பீரங்கியும் அதை இயக்கும் வீரர்களுமே கைகொடுக்க வேண்டும். 2025 மே மாதம் ஜம்முவும் பஞ்சாபும் உணர்ந்த உண்மை இது.

மே 8-ம் தேதி இரவு 36 இடங்களைக் குறிவைத்து 300 முதல் 400 வரையிலான ட்ரோன்களை பாகிஸ்தான் ஏவியதாக மத்திய அரசு தெரிவித்தது. அவற்றை வீழ்த்தியதில் ராணுவ வான் பாதுகாப்புப் பிரிவின் எல்-70 பீரங்கிகளுக்கு முக்கியப் பங்கு உண்டு. ஸ்வீடனின் போஃபர்ஸ் நிறுவனம் வடிவமைத்து, 1960-களில் இந்தியாவுக்கு வந்த இவை, பின்னர் ரேடார், இரவுநேரக் கேமராக்களுடன் நவீனப்படுத்தப்பட்டன.

ஆனால், இவற்றின் வீச்சு சுமார் 4 கி.மீ. மட்டுமே. எனவே, எல்லா ஊர்களுக்கும் பீரங்கிக் காவல் கிடைப்பதில்லை. மே 9-ம் தேதி ஃபெரோஸ்பூர் மாவட்டக் கிராமம் ஒன்றில் வீட்டின் மீது ட்ரோன் விழுந்து காயமடைந்த பெண், பின்னர் உயிரிழந்தார்.

மருத்துவமனைகள், ரயில் நிலையங்கள் உள்ளிட்டவற்றுக்கும் 2035-க்குள் பாதுகாப்பு அளிக்கும் "சுதர்சன சக்கரம்' திட்டத்தைப் பிரதமர் மோடி 2025 சுதந்திர தின உரையில் அறிவித்தார். அதுவரை எல்லைக் கிராமங்களுக்கு யார் காவல் என்பதே நாடாளுமன்றம் எழுப்ப வேண்டிய கேள்வி.