டவர் தாவும் குரல்: ஒரு போன் காலின் திரைமறைவு சாகசம்!

முதல் ஆச்சரியத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஊருக்கெல்லாம் கொடுத்து வைத்திருக்கிறீர்களே பத்து இலக்க எண், நெட்வொர்க் உங்களை அடையாளம் காண்பது அதை வைத்து அல்ல!

சிம்முக்குள் ‘ஐ.எம்.எஸ்.ஐ.’ என்று இன்னோர் எண் ஒளிந்திருக்கிறது. பொதுவாக 15 இலக்கங்கள். முதல் மூன்றும் நாட்டைச் சொல்லும். இந்தியா என்றால் 404 அல்லது 405. அடுத்தது நிறுவனம். மீதிதான் நீங்கள்! நம்பரை மாற்றாமல் வேறு நிறுவனத்துக்குப் போனாலும் புது சிம் தருகிறார்களே, அப்போது மாறுவது இந்த எண்தான்.

அதைவிடப் பெரிய பொக்கிஷமும் சிம்முக்குள் உண்டு: 128 பிட் ரகசியச் சாவி. அது சிம்மை விட்டு வெளியே வருவதே இல்லை! நெட்வொர்க் ஏதோ ஓர் எண்ணை அனுப்பி, ‘உன் சாவியால் இதற்கு விடை சொல்’ என்கிறது. சிம் கணக்குப் போட்டு விடையை மட்டும் அனுப்புகிறது. நிறுவனத்திடம் இருக்கும் சாவியும் அதே விடையைத் தந்தால் அனுமதி!

உடனே பெயர் சூட்டு விழா. இனி காற்றில் பறப்பது தற்காலிகப் பெயர்தான்; யாரும் பின்தொடர முடியாதபடி அதுவும் அவ்வப்போது மாறும். ஆனால் 4ஜி வரை ஓர் ஓட்டை இருந்தது. முதல் அறிமுகத்தில் அசல் எண் மறைப்பில்லாமல் போய்விடும். 5ஜி அதையும் அடைக்க வழி செய்தது: ஆளைக் காட்டும் பகுதியைப் பூட்டி, ஒவ்வொரு முறையும் வேறு தோற்றத்தில் அனுப்பலாம்!

இப்போது உச்சக்கட்டம். ஓடும் பஸ்ஸில் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியாமலே போன் அக்கம்பக்கத்து டவர்களை அளந்துகொண்டே வருகிறது. அடுத்த டவர் 3 டெசிபல், அதாவது இரு மடங்கு, பலமாகிவிட்டதா? அவசரப்படாது! அந்தப் பலம், உதாரணமாக 320 மில்லி செகண்டாவது நீடிக்கிறதா என்று பார்க்கும். இல்லாவிட்டால் இரண்டு டவருக்கும் நடுவில் பந்தாடப்படுவீர்கள். உறுதியானதும் பழைய டவருக்குத் தகவல் போகிறது. 4ஜி-யில் பழைய டவர் புதிய டவரோடு நேரடியாகவே பேசி இடம் பிடிக்கிறது, காற்றில் போகும் பேச்சைப் பூட்டும் புதிய மறையாக்கச் சாவி தயாராகிறது, ‘தாவு!’ என்று போனுக்குக் கட்டளை வருகிறது.

தாவும் அந்தக் கணத்தில் போன் எந்த டவரிலும் இல்லை! அப்போது வந்து சேரும் தரவைப் பழைய டவர் பத்திரமாகப் புதிய டவருக்குத் திருப்பி விடுகிறது. இடைவெளி பெரும்பாலும் சில பத்து மில்லி செகண்டுதான். குரலோ 20 மில்லி செகண்ட் துண்டுகளாகப் பயணிப்பது; ஓரிரண்டு தவறினாலும் காதுக்குத் தெரியாது. எல்லாம் முடிந்த பிறகுதான் தலைமை நெட்வொர்க்குக்கே செய்தி போகிறது: ‘ஆள் இங்கே வந்துவிட்டார், பாதையை மாற்றுங்கள்!’

பேச்சு அறுபடாமல் கைமாற்றும் இந்த ஏற்பாட்டுக்கு பெல் ஆய்வகத்தின் ஏமஸ் ஜோயல் 1972-லேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றுவிட்டார் என்பது எவ்வளவு பெரிய சங்கதி!

டவர் மாறுகிறது, பாதை மாறுகிறது, மறையாக்கச் சாவியும் மாறுகிறது. மாறாதது சிம்முக்குள் இருக்கும் அந்த ஒரே ரகசியம். நீங்கள் யார் என்பது ஒருமுறை உறுதியாகிவிட்டதால்தான், உங்களை நெட்வொர்க் இவ்வளவு துணிச்சலாகத் தூக்கிக் கொடுக்க முடிகிறது!