கொப்பரை உலர்த்தும் வெளியடுப்புக்குக் குழாய் அமைத்தல்

மேற்கு மலையடிவாரத்தில் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாக்களில் தென்னந்தோப்பு வைத்திருப்போருக்கு ஐப்பசி, கார்த்திகை மழையில் கொப்பரை போடுவது பெருஞ்சங்கடம். வெயிலின்றிப் பருப்பில் பூஞ்சக்காளான் பூக்கும். அதில் சிலவகை நஞ்சும் விளைவிக்கும். தீக்கு நேர்மேலே பரப்பினாலோ புகையேறிக் கறுத்து விலை குறையும். ஆகையால் அடுப்பை உலர்த்தும் அறைக்கு வெளியே கட்டி, புகையைப் புகைபோக்கி வழியே தனியே போக்கி, அடுப்பின் இரும்புக் கூட்டைச் சுற்றிச் சூடேறும் சுத்தமான காற்றை மட்டும் தகரக் குழாய் மூலம் உள்ளே விடுதல் உசிதம். சிரட்டையும் மட்டையும் விறகாகும்.

பிசகு நேர்வது பெரும்பாலும் குழாயின் அளவிலேயே. எட்டங்குல விட்டமுள்ள குழாய் ஒன்றுக்குப் பதில் நாலங்குலக் குழாய் இரண்டு போதுமென எண்ணலாகாது. முன்னதன் வாய்ப்பரப்பு சுமார் 50 சதுர அங்குலம். பின்னதற்கு 12½ மட்டுமே. நான்கு குழாய் வைத்தாலும், உராய்வு மிகுதியால் காற்றோட்டம் சற்றுக் குறைந்தே நிற்கும்.

சூடான காற்று மேல்நோக்கியே செல்லுமாதலால், அடுப்பு அறையின் தரைமட்டத்துக்குத் தாழவும், குழாய் அறையை நோக்கி ஏறியும் இருத்தல் வேண்டும். வளைவுகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நன்று. வெளியே கிடக்கும் பகுதிக்குக் களிமண்ணைத் தடிப்பாகப் பூசி, மழை படாமல் மேலே தகரம் போடுக. ஓலைக்கூரையைக் குழாய் தொடவே கூடாது.

நூற்றுக்கு 50 பங்கு ஈரமுள்ள பச்சைப் பருப்பு 6 பங்குக்கு வருவதற்கு, 100 கிலோவிலிருந்து சுமார் 47 கிலோ நீர் வெளியேறவேண்டும். எனவே கூரையில் விடும் திறப்பு, குழாயின் வாய்ப்பரப்புக்குக் குறையலாகாது. உஷ்ணம் 70 டிகிரி சென்டிகிரேடை மீறினால் பருப்பின் மேற்புறம் கருகி, உள்ளே ஈரம் நின்றுவிடும்.