மரக்கழிவில் ஓடிய தண்ணீர் மோட்டார்

நமது புனே பவானி பேட்டை டிம்பர் மார்க்கெட்டில் குவிந்து கிடக்கும் வெட்டுத்துண்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஓடந்துறை ஞாபகம் வரும். மேட்டுப்பாளையத்தை அடுத்து, நீலகிரி அடிவாரத்தில் உள்ள ஊராட்சி அது. குடிநீர் இறைக்கும் மின்சாரச் செலவு கையைக் கடிக்கவே, 2003 வாக்கில் அங்கே 9 கிலோவாட் மரவாயு ஜெனரேட்டர் ஒன்றை நிறுவினார்கள். அதற்குத் தீனி, மர அறுவை மில்களின் கழிவு.

மகாராஷ்டிரச் சர்க்கரை ஆலைகள் கரும்புச் சக்கையை எரித்து, நீராவியால் மின்சாரம் எடுக்கின்றன. இது வேறு வழி. மூடிய உலையில் குறைந்த காற்றில் மரத்துண்டுகளை வேகவிட்டால், கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த எரிவாயு வரும். அதில் உள்ள தாரையும் சாம்பலையும் வடிகட்டி எஞ்சினுக்குள் விட்டால் ஜெனரேட்டர் சுழலும். ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ விறகு. ஈர விறகைப் போட்டால் தார் மிகுந்து எஞ்சின் படுத்துவிடும். வெறும் மரத்தூளும் அடைத்துக்கொள்ளும். இரண்டாம் உலகப்போரின்போது பெட்ரோல் தட்டுப்பாட்டில் நம்மூரில் ஓடிய கரி பஸ்ஸும் இதே தத்துவம்தான்! வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

ஆனால், கழிவு மலிவாகக் கிடைக்கும்வரைதான் கணக்கு சரியாக வரும். நாலு பேர் வாங்க வந்தால் அதற்கும் விலை ஏறும். அதை அடுப்பெரிக்க நம்பியிருக்கும் ஏழை வீடுகள் திண்டாடும். லாரி வாடகையும் சேர்ந்தால் லாபம் காற்றோடு போச்சு. மில்லுக்குப் பக்கத்திலேயே, அளவாக நடத்தினால்தான் இது கட்டுப்படியாகும் என்பது என் எண்ணம்.

ஓடந்துறைக்காரர்கள் இத்தோடு நிற்கவில்லை. 2006இல் வங்கிக் கடன் வாங்கி, 350 கிலோவாட் காற்றாலையே வைத்துவிட்டார்கள்.