நியூ ரூம், பிரிஸ்டல்: மந்தையைக் காத்த எளியவர்கள்

ஜான் வெஸ்லி 1739-இல் கட்டத் தொடங்கி, 1748-இல் விரிவாக்கிய மண்டபம் இது. மெதடிஸ்ட் இயக்கம் தனக்கென எழுப்பிய முதல் கட்டடம்.

பிரசங்க பீடம்
எதிரே இரண்டு அடுக்காக உயர்ந்து நிற்கும் பீடத்தைப் பாருங்கள். கீழ்த்தட்டில் வேதவாசிப்பு, மேல்தட்டில் பிரசங்கம். அண்ணாந்து பார்த்தால் எண்கோணக் கண்ணாடிக் கூண்டு. பகல் வெளிச்சம் அதன் வழியே இறங்குகிறது.

வாரம் ஒரு பென்னி
கட்டடக் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி தரலாம் என்ற யோசனை 1742 பிப்ரவரியில் எழுந்தது. ஏழைகளுக்கு அதுவும் பாரமே. பரம ஏழைகள் பதினொரு பேரைத் தன் பொறுப்பில் விடும்படி கேட்டார் கேப்டன் ஃபாய் என்பவர். அவர்களால் முடியாததைத் தானே செலுத்துவதாகவும் சொன்னார். காசு வாங்க வீடு வீடாகப் போனவர்கள், அங்கே நோயையும் சண்டையையும் குடியையும் கண்டார்கள். வசூல் ஏற்பாடு ஆத்தும விசாரிப்பாக மாறியது. உறுப்பினர்கள் சுமார் 12 பேர் கொண்ட ‘வகுப்பு’ என்னும் குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர்; ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு தலைவர். குருப்பட்டம் பெறாத தொழிலாளிகளும் பெண்களும் இப்பொறுப்பை ஏற்றனர்.

பொது விசுவாசம்
தேவகிருபை எல்லோருக்கும் உரியது என்பதே இந்த இயக்கத்தின் அடித்தளம். 1743-இல் வெளியான பொதுவிதிகள் மூன்று: தீமை செய்யாதிருத்தல்; இயன்ற நன்மையெல்லாம் செய்தல்; ஜெபம், வேதவாசிப்பு, திருவிருந்து முதலியவற்றைக் கைவிடாதிருத்தல்.

ஊழியர்கள் தங்கிய அறைகள் மேல்மாடியில் உள்ளன, அவசியம் பாருங்கள்.